முன்பாரமும் மாமாவின் புதுச் சப்பாத்தும்

சிங்கப்பூரிலேயே மாட்டிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டிய மனிதர் ஒருவர்தான். சிராங்கூன் ரோட்டில் அவரை எல்லோரும் 'முன்பாரம்' என்றே கூப்பிட்டோம். அப்பா அம்மா வைத்த பெயர் அவர் மாட்டுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது.

மாட்டின் பெயர் சின்னத்தம்பி. ஒற்றை மாட்டு வண்டி. பாரம் ஏற்றியவுடன் மனிதர் மாட்டைப் பூட்டமாட்டார். முதலில் தன் கழுத்தையே நுகத்தடிக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். முன்னால் பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பி, கழுத்துக்கயிறு தொண்டையை இறுக்கும். ஆகவே முன்பக்கம் துளி கூடுதலாக இருக்க வேண்டும். அந்தத் துளியைத்தான் கழுத்தால் தேடுவார்.

"மூட்டைய இன்னுங் கொஞ்சம் முன்னால தள்ளுங்க... ஐயோ, இவ்வளவு இல்ல!"

தேக்கா சந்தையே நின்று வேடிக்கை பார்க்கும். பெரிய வியாபாரிகளைக்கூட, "சின்னத்தம்பி சின்ன உடம்புக்காரன். இந்தச் சரக்குக்கு வேற மாடு பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். காப்பிக்கடை பெஞ்சில் நாலு பேர் ஒரே ஓரமாக உட்கார்ந்தால் அதற்கும் சண்டைக்கு வருவார்.

இப்படிப்பட்டவரின் வண்டியைத்தான் என் கல்யாணத்துக்குப் பேசித் தொலைத்தேன். கோயிலில் முகூர்த்தம். என்னை அழைத்துப் போகப் பெண்ணின் தாய்மாமா வந்திருந்தார். நல்ல சரீரம், காலில் பளபளவென்று புதுச் சப்பாத்து. ஊரே அதைப் பார்க்கட்டும் என்று வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முன்பாரம் நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்தார். "மாமா, கொஞ்சம் முன்னால வாங்க."

"மாட்டு வாலுக்குப் பக்கத்துல நானா? மாப்பிள்ளை அழைக்க வந்தவன்டா நான்!"

வேறு வழியில்லாமல் என்னையும் சீர்த் தேங்காய்க் கூடையையும் முன்னால் நகர்த்திச் சரிக்கட்டினார். கூடையைக் கயிற்றால் கட்டப் போனபோது மாமா மறுபடியும் குதித்தார். "மங்கலப் பொருளுக்குக் கயிறா? அபசகுனம்!"

சோஃபியா மேட்டில் வண்டி ஏறியது. கூடை சரிந்தது. தேங்காய்களும் நானும் உருண்டு மாமாவிடம் போய்ச் சேர்ந்தோம். நுகத்தடி மேலே எழும்பியது. சின்னத்தம்பிக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. முன்பாரம் பாய்ந்து நுகத்தடியைப் பிடித்துத் தொங்கினார். கால் தரையில் இல்லை.

"மாப்ளே, முன்னால வாங்க! என் புள்ள செத்துரும்!"

பட்டுவேட்டியோடு தவழ்ந்து முன்னால் போனேன். வண்டி படிந்து மாடு மூச்சுவிட்டது. அதற்குள் மாமா தேங்காய்களோடு ரோட்டுக்கு வழுக்கிப் போயிருந்தார்.

எழுந்தவர் வேட்டியைத் தட்டிக்கொண்டே, "கல்யாணம் நடக்காது!" என்றார். முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

முன்பாரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சாவதானமாகச் சொன்னார்: "மாமா, பின்னால உக்காந்தா நாம கடந்து போன சனந்தான் சப்பாத்தப் பாக்கும். முன்னால உக்காந்தீங்கன்னா, கோயில் வாசல்ல மேளக்காரங்களுக்கு மொதல்ல தெரியறதே உங்க சப்பாத்துதான்."

மாமா குனிந்து சப்பாத்துத் தூசியைத் துடைத்தார். பிறகு ஏறி முன்னால் உட்கார்ந்தார்.

கோயில் வாசலில் மேளம் முழங்கியது. சின்னத்தம்பி வாலைத் தூக்கியது. மேளக்காரர்கள் உண்மையிலேயே முதலில் பார்த்தது அந்தச் சப்பாத்தைத்தான். கல்யாணம் நடந்தது. மாமா மட்டும் கடைசிவரை என்னுடன் பேசவில்லை. அதுவும் ஒரு சீர்தான்.

சாயங்காலம் பெண்ணையும் என்னையும் வீட்டுக்குக் கொண்டுபோக முன்பாரமே வந்தார். ஏறியதும் ஆளுக்கொரு ஓரமாக ஒட்டிக்கொண்டோம், அவ்வளவு கூச்சம். அவர் நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுத்துக் கண்ணை மூடினார். "தங்கச்சி, முன்னால வாம்மா. மாப்ளே, நீங்களும்." தோளோடு தோள் இடிக்கும்வரை விடவில்லை. பிறகு சிரித்தார். "இப்ப சரியா இருக்கு. இப்படியே இருங்க."

அந்த மனிதரும் போய்விட்டார், சின்னத்தம்பியும் போய்விட்டது. இன்றைக்கும் சண்டை போட்டு நாங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால், என் மனைவிதான் முதலில், "கொஞ்சம் முன்னால வாங்க" என்பாள். நான் நகர்ந்து போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். அவர் ஞாபகத்தில் தோளோடு தோள் இடிக்கும்வரை இருவரும் நெருங்கிக்கொள்வோம்.