ஜொகூர் பாலத்தில் அடித்த கெட்டிமேளம்

ஆசியாக் கண்டத்திலேயே தன் குரலுக்குத் தானே பதில் சொல்லிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ‘அஞ்சு செகண்டு’ அண்ணன்தான். மலேசியாவின் உலு திராமில் நான் வேலை பார்த்த மேசை நாற்காலி கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. மைக்கில் “ஆபீஸ்ல யாரு இருக்கா?” என்று கேட்பார். ஐந்து விநாடி கழித்து அந்தக் கேள்வி ஸ்பீக்கரில் வரும்போது, கேட்டதே தான்தான் என்பது அவருக்கு மறந்திருக்கும். “நான்தான் இருக்கேன், சொல்லுங்க!” என்று பதறி எழுந்து நிற்பார்.

அவர் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதுதான் சர்வர். கம்பெனியின் எந்த மூலையில் மைக் வைத்தாலும் அங்கே எழும் சத்தத்தை வாங்கிப் பதிவு செய்துகொள்ளும். எந்த மேசையிலிருந்து கேட்டாலும் அனுப்பி வைக்கும். “நல்ல மாமியார் மாதிரி லா. கேட்டா குடுக்கும், கேக்கலன்னா வாயத் தொறக்காது” என்று எனக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில் விளக்கினார். எனக்கு வாய்க்கப்போகும் மாமியார் அந்த ரகமில்லை என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

அந்த ஐந்து விநாடியைக் கேலி செய்தால் மட்டும் கோபம் வரும். “லைன் விட்டு விட்டு வரும்மா. கொஞ்சம் சத்தத்தச் சேத்து வெச்சுக்கிட்டுத்தான் வெளிய விடணும். இல்லன்னா பாட்டு துண்டு துண்டா வரும்.”

ஒருமுறை மேனேஜர் தீபாவளிக்குக் கூடுதலாக ஒரு நாள் லீவு என்று மீட்டிங்கில் சொல்லிவிட்டு, “நான் எப்ப சொன்னேன்?” என்று கையை விரித்தார். சற்று நேரத்தில் கம்பெனியின் அத்தனை கம்ப்யூட்டர்களும் மேனேஜர் குரலில் “ஓகே லா, எடுத்துக்குங்க” என்றன. எங்களுக்கு லீவு கிடைத்தது. அண்ணனுக்கு மைக்கைத் தொடக் கூடாது என்று ஒரு வாரத் தடை கிடைத்தது.

யாருக்குக் கல்யாணம் என்றாலும் மைக்கோடு வந்துவிடுவார். “போட்டோ எல்லாரும் எடுப்பாங்க. சத்தத்த யாரு எடுக்கறா?” என்பார். மந்திரத்தோடு முன்வரிசைப் புறணியும் சேர்ந்து பதிவாகி, இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது தனிக்கதை.

என் கல்யாணத்துக்கும் வந்தார். மேளக்காரர்கள்தான் வரவில்லை. சிங்கப்பூர்க் கோயில் ஒன்றில் வாசித்துவிட்டுக் காலையில் திரும்பியவர்கள், இரண்டு நாட்டையும் இணைக்கும் ஜொகூர் பாலத்து நெரிசலில் சிக்கிக்கொண்டார்கள். “வேன் ஒரு அடி நகரலீங்க” என்றார் நாதஸ்வரக்காரர் போனில்.

“ரெக்கார்டு போட்டுக்கலாமே” என்றார் யாரோ. என் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எவனோ எப்பவோ அடிச்ச மேளத்துக்கு எம்மவன் தாலி கட்டணுமா? இப்ப அடிக்கிற மேளம் வேணும். இல்லன்னா வேற முகூர்த்தம் பாருங்க.” அப்பாவின் முகம் செத்துவிட்டது. நான் மாலையும் கழுத்துமாக அழுதேன்.

போனிலேயே வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று போன் விழுங்கிவிட்டது. “ஹலோ, கேக்குதா?” மட்டும்தான் கேட்டது.

“அம்மா, இப்ப அடிக்கறத இப்பவே கேப்பீங்க” என்று எழுந்தார் அண்ணன். நாதஸ்வரக்காரருக்குத் தன் சர்வரின் லிங்கை அனுப்பி, அதன் வழியாக வாசிக்கச் சொன்னார். லேப்டாப்பை மண்டப ஸ்பீக்கரில் மாட்டினார். நாதஸ்வரம் வேனுக்குள் அடங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டி வாசித்தார்களாம். மண்டபம் முழுக்க மங்கள இசை, கூடவே மோட்டார் சைக்கிள் உறுமல். மாமியார் சந்தேகமாகக் காதைக் கொடுத்தபோது ஒரு லாரி ஹார்ன் அலறியது.

“இது இப்ப அடிக்கறதுதான்” என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

அப்போதுதான் அடுத்த தலைவலி தெரிந்தது. தாலி ஏறும் நொடியில் தும்மலோ கெட்ட சொல்லோ காதில் விழாமல் அமுக்குவதற்குத்தானே கெட்டிமேளம்? குருக்கள் விரலை உயர்த்தி, வேனில் தவில் அடித்து, அது இங்கே வந்து சேர ஐந்து விநாடியாகும். எங்கள் சித்தப்பாவின் தும்மல் அதற்கெல்லாம் காத்திருக்காது.

“சாமி, கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்களேன்” என்றார் அண்ணன்.

“நல்ல நேரத்த உன் இஷ்டத்துக்குத் தள்ள முடியாதுப்பா” என்றார் குருக்கள்.

அண்ணன் வாதாடவில்லை. இதே குருக்கள் நடத்திய கல்யாணங்களை எத்தனையோ முறை பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டவர் அவர். “தாலியக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ தொண்டையச் செருமுவாரு. அங்கேர்ந்து கெட்டிமேளத்துக்கு அஞ்சு செகண்டு. அது போதும்” என்று என்னிடம் கிசுகிசுத்துவிட்டு, மணவறை ஓரத் தூணடியில் உட்கார்ந்தார். காதில் குருக்கள் முன்னால் வைத்த மைக்கோடு மாட்டிய ஹெட்போன், வாயருகே தவில்காரர் லைனில் இருக்கும் போன், இறுக மூடிய கண்கள்.

ஓமப் புகையில் குருக்கள் இருமினார். எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் அசையவில்லை; கண்ணைத் திறக்காமலே, ‘இது அது இல்லை’ என்று விரலை ஆட்டினார். மந்திரம் தொடர்ந்தது. பிறகு அடித்தொண்டையிலிருந்து ஒரு சின்னச் செருமல்.

“அடிங்க!” என்றார் போனில்.

தட்டிலிருந்து தாலி எழுந்தது. என் கணவர் குனிந்தார். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று குருக்கள் விரல் உயர்த்திய அதே நொடியில் ஸ்பீக்கரில் தவில் இடித்தது. சித்தப்பா தும்மினார், தோள் குலுங்கியதைத்தான் பார்த்தோம், சத்தம் யார் காதிலும் விழவில்லை. பாலத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்களெல்லாம் சேர்ந்து ஹார்ன் அடித்தன. மேளம் அடங்கியதும் முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரரின் குரல், “தஹ்னியா! தஹ்னியா!” என்று ஜொகூர் நீரிணையின் மேலிருந்து எங்களை வாழ்த்தியது. மண்டபமே கைதட்டியது. முதலில் தட்டியது என் மாமியார்.

“அடுத்தது பொரி. பொண்ணு கையில அள்ளிப் போட அவளுக்கு அண்ணன் தம்பி யாரு, வாங்க” என்றார் குருக்கள். நான் ஒற்றைப் பிள்ளை. ஏற்கெனவே பேசி வைத்திருந்த பெரியப்பா மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“எங்க அண்ணன் தூண்கிட்ட இருக்காரு சாமி” என்றேன்.

பெரியப்பா மகன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அப்பாவே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்க, “நான் எப்படிம்மா?” என்றார் அண்ணன். அத்தனை பேர் பார்த்த தாலி கட்டும் காட்சியை, கண்ணை மூடியிருந்த அவர் மட்டும் பார்க்கவில்லை.

“போடுங்கண்ணே.”

அவர் இரு கையாலும் பொரியை அள்ளினார். என் கைகளை அவர் கைக்கு அடியில் நெருக்கிக் குவித்துக்கொண்டேன். ஒரு பொரிகூடக் கீழே விழவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.