கென்னுக்கு நான் வைத்த வரவேற்பு பேனர்

புதிதாக அச்சடித்த பேனரின் வாசனை தெரியுமா? பாதி பெயிண்ட் டப்பா, பாதி புது மழைக்கோட்டு. மற்றவர்களுக்கு அது தேர்தலையும் திருவிழாவையும் நினைவூட்டும். எனக்கோ அது மூக்கில் ஏறினால் போதும், காது மடல் சூடாகிவிடும். உயிரோடு இருந்த ஒரு மனிதருக்காக ஒரு தெருவையே அழவைத்தவள் நான்.

கென் என் கணவரின் பழைய மேலதிகாரி. ஸ்காட்லாந்துக்காரர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்றதும், முன்பு அலுவல் விஷயமாக வந்துபோன மைசூரிலேயே இனி வாழப்போவதாகச் சொல்லி வந்து இறங்கிவிட்டார். (விசா சங்கதியெல்லாம் அவர் பாடு, என்னைக் கேட்காதீர்கள்.) யோகா கற்க வரும் வெள்ளைக்காரர்கள் நிறைந்த கோகுலம் பகுதியில் வீடு பார்க்கலாம் என்றோம்.

"அங்கே காபி குடிக்கப் போனால் எதிர் நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன்," என்றார். "என்னைப் போல ஒருவர்கூட இல்லாத தெரு வேண்டும்."

அப்படிப்பட்ட தெரு எங்கள் தெரு. எதிர்வீட்டு அலமேலு மாமியின் மாடி காலியாக இருந்தது. மாமி மேலுக்கோட்டை வழி வந்த ஐயங்கார். பேச்சு தமிழ், எழுதப் படிக்கக் கன்னடம் மட்டும்.

"பாக்க நன்னாத்தான் இருக்கார். ஆனா ஒண்டி ஆளு, எழுபதுக்கு மேல ஆறது. திடீர்னு மார்வலின்னு வந்தா நான் யாருக்குடி போன் பண்றது? அந்த தேசத்துக்கு எந்த நம்பர் போடணும்னு நேக்கு என்ன தெரியும்?"

"கல்லு மாதிரி இருக்கார் மாமி! தினம் சாமுண்டி மலைப் படி ஏறறார்."

யோசித்து யோசித்து, ஞாயிற்றுக்கிழமை காலை சாவி தருவதாக மாமி ஒப்புக்கொண்டார். இதுவும் போனால் வேறு வீடு கிடையாது. தனி ஆள், வயதானவர், வெளிநாட்டுக்காரர் என்று மற்ற எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். இது அமையாவிட்டால் ஊருக்கே திரும்பிவிடுவதென்று கென் பெட்டியை அடுக்க ஆரம்பித்திருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் கவிதை எழுதுகிறவள். பால் பொங்கும்போதே படிமம் தேடி, அடுப்பை அணைக்க மறக்கிறவள். பிறந்தநாள் குழந்தைக்கெல்லாம் பேனர் வைக்கிற ஊரில், கடல் தாண்டி வந்தவருக்கு வைக்கக் கூடாதா? மண்டி மொஹல்லாவில் ஒரு பேனர் கடைக்குள் நுழைந்தேன்.

"போட்டோ கலர்ல போடலாமா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். கறுப்பு வெள்ளை. கலரில் ஆழம் இல்லை." (அந்த நாட்களில் எனக்கு எல்லாவற்றிலும் ஆழம் தேவைப்பட்டது.)

அவர் குரல் இறங்கியது. "வயசு எஷ்டு மேடம்?"

"எழுபத்திரண்டு."

"நல்ல வயசுதான். ரொம்ப கஷ்டப்பட்டாரா?"

"பட்டார், பாவம். இப்போதுதான் ஒரு நல்ல இடம் கிடைத்திருக்கிறது."

"எல்லாம் அவன் இஷ்டம்," என்று மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அவராகவே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தார், படத்தைச் சுற்றி சாமந்தி மாலை போட்டார். என்ன ரசனை என்று நெகிழ்ந்துபோனேன். கீழே தமிழில் என் கவிதை: 'கடல் தாண்டி வந்த பறவையே, எங்கள் கிளையில் இளைப்பாறு.' கன்னடத்தில் ஏன் எழுதவில்லை என்றால், என் கன்னடம் கொத்தமல்லி வாங்கும் கன்னடம். கல்யாணமாகி சேலத்திலிருந்து வந்த என்னைத் தவிர அந்தத் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிறு விடிந்ததும் தெருமுனையில் கட்டினோம். "ஒரு மாதிரியா இருக்கே?" என்றார் என் கணவர். அவரும் தமிழ் பேசும் மைசூர்க்காரர்தான், படிக்கத் தெரியாது. உங்களுக்கு ரசனை போதாது என்று சொல்லிவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு கென்னை அழைத்துவர லாட்ஜுக்குக் கிளம்பினேன்.

திரும்பி வரும்போது தெருமுனையில் ஆட்டோக்காரர் பேனரைப் பார்த்தார். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். மறுபடி பேனரைப் பார்த்தார். பிரேக்.

"மேடம்... இவரு... அவரா?"

"அவரேதான்!" என்றேன் பூரிப்பாக. ஆட்டோக்காரர் இறங்கி, நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வெள்ளை வேட்டியில் ஆண்கள். பால் பூத் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பேனரில் அச்சடித்த மாலைக்கு மேல் யாரோ நிஜ மாலையும் போட்டிருந்தார்கள்.

"எனக்காகவா இத்தனையும்?" என்று கண் கலங்கிய கென், இரு பக்கமும் கைகூப்பியபடி நடந்தார். அவர் கைகூப்பக் கூப்ப, ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். ஒரு பெண்மணி வீலென்று கத்தினார். தலைக்குக் குளித்த ஈரக்கூந்தலோடு வாசலுக்கு வந்த மாமி கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பெருமாளே! யாருடி இது?"

"கென், மாமி."

"அப்போ போனது யாரு?"

"யாரும் போகலை. இது வரவேற்பு பேனர்."

"வரவேற்பா? கறுப்பு வெள்ளையில, விளக்கு வெச்சா? எங்காத்து மாமா போனப்போ வெச்ச பேனர்கூட இதைவிடக் களையா இருந்ததுடி! நான் ஸ்நானம் பண்ணி, சாவியை உள்ள வெச்சுப் பூட்டியாச்சு. வரதுக்கு முன்னாடியே இப்படின்னா, வந்தப்புறம் என்னெல்லாம் ஆகுமோ? வேண்டாம்டியம்மா."

இனி கென்னுக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னேன். ஒரு மனிதரிடம் அவர் இறந்துவிட்ட செய்தியைச் சொல்வது லேசல்ல. மாலைக்குள் இருந்த தன் முகத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். ஆட்டோவுக்கு அடியில் எனக்கு இடமிருக்குமா என்று நான் பார்த்தேன்.

"இவர்களில் யாருக்கும் என்னைத் தெரியாதே," என்றார் மெல்ல. "பிறகு ஏன் வந்தார்கள்?"

பக்கத்தில் நின்ற பால் பூத் நஞ்சுண்டப்பாவிடம் கேட்டேன்.

"கொத்தில்லம்மா, யாருன்னே தெரியாது. ஆனா நம்ம ரோடுக்கு வரவேண்டியவர்தானே? யாருமே இல்லாம எப்படிம்மா அனுப்பறது?"

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கென் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பதறிக் குனிந்தால், சிரிக்கிறார்! "நான் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த விருந்துக்குக்கூட இத்தனை பேர் வரவில்லை!" (என் கணவர் தரையைப் பார்த்தார். அவரும் போகவில்லை.) நஞ்சுண்டப்பா சிரித்தார், கத்திய பெண்மணி சிரித்தார், தெருமுனையிலிருந்து ஆட்டோக்காரரும் சிரித்தார். சோகத்துக்கு வந்த தெரு மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

மாமி மட்டும் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனார். தீர்ந்தது கதை என்று நினைத்தேன். சாவியோடு வந்தார்.

"யாருக்கு போன் பண்றதுன்னுதானே பயந்தேன்? ஒருத்தருக்கும் பண்ணலை, கும்பலா வந்து நிக்கறா. மாடிக்குப் போகச் சொல்லு. மொதல்ல அந்த மாலையைக் கழட்டு!"

துக்கத்துக்குப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து எல்லாரும் பிஸிபேளாபாத் சாப்பிட்டோம். கென் இன்றும் அந்த மாடியில்தான் இருக்கிறார். அந்த பேனர் அவருடைய வாஷிங் மெஷினுக்கு மழைக்கு மறைப்பு; துணி உலர்த்த வரும்போதெல்லாம் தன் முகத்துக்கே குட்மார்னிங் சொல்கிறார். எங்கள் வீட்டில் யாராவது படம் எடுக்கக் கிளம்பினால், "அம்மாகிட்ட ஃபோனைக் குடுக்காதீங்க, கலரை எடுத்து ஆளையே முடிச்சிடுவா," என்கிறாள் என் மகள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் விடைபெறும்போது மாமி என்னை கேட் அருகே நிறுத்தினார். முதல் தடவையாக உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"ஐப்பசில நேக்கு எழுபத்தஞ்சு முடியறது. குடும்பத்தோட சாப்பிட வா, பாயசம் உண்டு. ஆனா சத்தியம் பண்ணிட்டுப் போ. பேனர் கீனர்னு நீ ஒரு வரிகூட எழுதப்படாது!"