எரிந்துபோன நாற்காலிக் கிடங்கு

குடிமக்கள் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது எங்கள் நகரசபையின் உயர்ந்த கொள்கை. ஆகவே யூட்லாந்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் பன்றிக்கறி ஆலையை மூடியபோது, வேலை போன எங்கள் எல்லோரையும் ஒரு நாற்காலிக் கம்பெனியில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

கம்பெனியில் தொலைபேசி இருந்தது, வழவழப்பான விலைப்பட்டியல் இருந்தது, காபி இயந்திரம் இருந்தது. நாற்காலி மட்டும் இல்லை. அது பயிற்சிக் கம்பெனி. அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்த இதே மாதிரிக் கம்பெனிகள் இல்லாத பணத்தைக் கொடுத்து எங்களுடைய இல்லாத நாற்காலிகளை வாங்கின. பதிலுக்கு நாங்கள் அவர்களுடைய இல்லாத திரைச்சீலைகளை வாங்கினோம். கொள்முதல் பிரிவில் நான் இருந்தேன். நீல நிறத்தை விரும்பி வாங்குவேன். இப்படிச் செய்துவந்தால் உழைக்கும் பழக்கம் மனிதனை விட்டுப் போகாது என்று மேலிடத்தில் தீர்மானமாகியிருந்தது.

முதலாளி ஹோல்கரும் எங்களைப் போல வேலையில்லாதவர்தான். மூடிப்போன வங்கிக் கிளை ஒன்றில் மேலாளராக இருந்தவர். இல்லாத பணத்தைக் கையாள்வதில் அவருக்கு நல்ல அனுபவம்.

விற்பனைக்குத் தலைவன் தோர்கில். ஆலையில் பன்றித் தொடை அறுத்துக்கொண்டிருந்தவன். அவனுக்கு இப்படி ஒரு வாய் இருப்பது அவனுக்கே தெரியாது. இல்லாத நாற்காலிகள் பறந்தன.

அப்போதுதான் துறைமுகத்தில் சாசேஜ் கடை வைத்திருக்கும் ரக்னா அவனைக் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒரு ஆள் வேணும், தோர்கில். பாதிச் சம்பளம் நான் தர்றேன், மீதிப் பாதிய வேலையில்லாதவங்களுக்கான உதவி அலுவலகம் தரணும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அவங்ககிட்ட பயிற்சியிலேர்ந்து விடுதலை வாங்கிட்டு வா. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்."

நிஜச் சாசேஜ், நிஜச் சம்பளம். தோர்கில் உதவி அலுவலர் குட்ரூனிடம் ஓடினான்.

"ரொம்ப சந்தோஷம், தோர்கில்! கம்பெனிக்கு ஒரு மாசம் முன்னறிவிப்புக் குடுத்துடுங்க."

"அப்படி ஒரு கம்பெனியே கிடையாதே, குட்ரூன்."

"இல்லாத கம்பெனின்னா ஒழுங்கு வேணாமா? நிஜக் கம்பெனியா இருந்தா இப்படிப் பாதியில ஓடுவீங்களா?"

"அப்ப இது வேலையா? சம்பளம் எங்க?"

"இது வேலையில்ல, அதனால சம்பளம் இல்ல. ஆனா விட்டுட்டுப் போனா வேலைய விட்டதா அர்த்தம். வேலைய விட்டவருக்கு அந்தப் பாதிச் சம்பளம் கிடையாது."

"வேற வழியே இல்லையா?"

"கம்பெனி திவாலானா அன்னிக்கே விடுதலைதான்." குட்ரூன் பெருமையோடு சிரித்தாள். "அது எங்க நடக்கப்போகுது? நல்ல லாபத்துல ஓடுதே. எல்லாம் உங்க திறமை!"

தோர்கில் தன் திறமையை ஒழிக்கப் புறப்பட்டான். திரைச்சீலைக் கம்பெனியைக் கூப்பிட்டு, எல்லா நாற்காலிகளையும் இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

"வேணாம்ப்பா," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "கிடங்குல இடமில்ல. நீ போன மாசம் அனுப்புனதே அப்படியே கிடக்குது."

வெள்ளிக்கிழமை காலையில் அவன் முதலாளியின் அறைக்குள் போய்த் தொப்பியைக் கழற்றினான்.

"ஹோல்கர், நம்ம கிடங்கு எரிஞ்சுபோச்சு."

ஹோல்கரின் முகம் வெளுத்துவிட்டது. "எப்படி?"

"யாரோ சிகரெட்ட அணைக்காமப் போட்டுட்டாங்க."

"அங்க புகை பிடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே!"

"அதனாலதான் ஒளிஞ்சு பிடிச்சிருக்காங்க."

"காப்பீடு?"

காப்பீட்டைக் கவனிக்க வேண்டிய ஆள் இரண்டு வாரமாக முதுகுவலியில் இருந்தார். வலி நிஜமானது. ஹோல்கர் கைக்குட்டையை எடுத்தார். "இதோட ரெண்டாவது தடவை, தோர்கில். முதல்ல வங்கி, இப்ப இது." கம்பெனி திவாலானதாக அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். சிலர் உண்மையாகவே அழுதார்கள்.

எங்கள் நாட்டில் வேலையை விட்டுப் போகிறவர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு எல்லோருமே போகிறவர்கள். ஆகவே எல்லோரும் பேக்கரிக்கு ஓடினோம். மேசை நிறையக் கேக், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கொடி. ஒருவருடையதைச் சாப்பிட்டுவிட்டு இன்னொருவருடையதை விட்டால் மனசு நோகும் அல்லவா? தோர்கில் கடிகாரத்தைப் பார்த்தபடி கேக்கை விழுங்கினான். குட்ரூனிடம் விடுதலைக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, க்ரீம் ஒட்டிய மீசையோடு துறைமுகத்துக்கு ஓடினான். மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

ரக்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஊரில் செய்திக்குக் கால் அதிகம்.

"வாடா! கிடங்க எரியவிட்டவன் நீதானே? எத்தனை குடும்பத்துக்கு வேலை போச்சு! உன்ன நம்பி நான் எரிவாயு அடுப்புப் பக்கத்துல விடுறதா?"

"ரக்னா, கிடங்குன்னே ஒண்ணு இல்ல. நாற்காலியே இல்ல!"

"எரிஞ்சப்புறம் எப்படி இருக்கும்? நூலகத்துல உங்க விலைப்பட்டியலப் பாத்து என் மச்சான் ஆறு நாற்காலி சொல்லியிருக்கான். வீட்ல எல்லாரும் நின்னுக்கிட்டே சாப்பிடுறாங்க. அதுக்கு என்ன பதில் சொல்லுற?"

தோர்கில் வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லத்தான் திறந்தான். ஆனால் அந்த வாய் இப்போது பயிற்சி பெற்ற வாய்.

"என்ன நிறம் கேட்டாரு?"

"வெளிர் ஓக்."

"அப்பாடா! வெளிர் ஓக் எல்லாம் தனிக் கிடங்கு, ரக்னா. அதுக்கு ஒண்ணும் ஆகல. வியாழக்கிழமை வந்துடும்."

ரக்னா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் கடை மேலங்கியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "வியாபாரம்னா இப்படித்தான் பேசத் தெரியணும். திங்கக்கிழமை வந்துடு."

பயிற்சியின் மகத்தான வெற்றி என்று இதை குட்ரூன் தலைநகரத்துக்குத் தெரிவித்தாள். மீதிப் பேருக்கு இப்போது தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது. தண்ணீர் இல்லை.

துறைமுகத்தில் கூட்டம் தாங்கவில்லை. சாசேஜ் வாங்குகிறவர்கள் எல்லோரும் கையோடு நாற்காலிக்கும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வியாழக்கிழமை வந்துவிடும் என்று தோர்கில் உறுதியாகச் சொல்கிறான். அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே வேலை பார்த்தவன் நான். இருந்தாலும் அவன் சொல்வதைக் கேட்டால் சந்தேகப்பட மனம் வருவதில்லை. நானும் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். வெளிர் ஓக்.