மூன்று ரூம் காலி

தீபத்தன்று வேங்கிக்காலில் ஒரு லாட்ஜில் மூன்று ரூம் காலி என்றால் திருவண்ணாமலையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது புது லாட்ஜ், பெயர்ப்பலகைகூட மாட்டவில்லை. ஆராய்ச்சி மாணவன் செழியன் அந்த மூன்று ரூமைத்தான் மலைபோல் நம்பியிருந்தான்.

முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் தகவல் பகிர்ந்தால் வியாபாரம் நடக்குமா என்பது அவனுடைய ஆராய்ச்சி. "சாயந்திரத்துக்குள்ள ஒரு வியாபாரமாவது நடத்திக் காட்டு. இல்லன்னா தலைப்ப மாத்திடு" என்று பேராசிரியர் அருணகிரி கறாராகச் சொல்லிவிட்டார். மாற்றினால் மூன்று வருட உழைப்பு பாழ்.

லாட்ஜுக்குக் கீழேயே பிரவுசிங் சென்டர். 'மூன்று ரூம் காலி' என்று தன் வலைப்பக்கத்துக்கு எழுதி, ஃப்ளாப்பியில் ஏற்றி, கவுண்டரில் இருந்த வேதாவிடம் நீட்டினான்.

"சீக்கிரம் நெட்ல போட்டுடும்மா."

அவள் தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

அரை மணியில் மூன்று ரூமும் போய், வாசலில் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். செழியனுக்குப் புல்லரித்தது. லாட்ஜ்காரன் அருள்ராஜுக்கு வியர்த்தது.

"டேய், ரூம் இல்லன்னு போடுடா!"

'ரூம் இல்லை, மொட்டைமாடியிலும் இடம் இல்லை' என்று அடுத்த ஃப்ளாப்பி போனது. மொட்டைமாடி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. "தீபம் நேராத் தெரியுமாமே!" என்று கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து, பாய் தலையணையோடு மாடியேறினார்கள்.

"இன்னாடா பண்ணி வச்ச? ஜனம் ஜாஸ்தி ஆயிடுச்சு, டேங்க்ல தண்ணி கம்மி!"

'தண்ணீர் இல்லை, சாப்பாடும் இல்லை' என்று மூன்றாவது ஃப்ளாப்பி. உடனே ஒருவர் தண்ணீர்க் கேன்களோடும் இன்னொருவர் அண்டா நிறையப் புளிசாதத்தோடும் வந்து கடை விரித்தார்கள். மாடியில் வியாபாரம் சூடு பிடித்தது. அருள்ராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

செழியன் படியேறிப் போய்க் கூட்டத்தைப் பார்த்தான். மூன்றே வரிக்கு ஒரு ஊரே அசைகிறதே! பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்து வந்த பிரமிப்பு, இன்று ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து வந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது.

கூட்டத்தில் பிதுங்கி அருணகிரி வந்து சேர்ந்தார். மாடியை அண்ணாந்து பார்த்துத் தலைகளை எண்ணத் தொடங்கியவர், பாதியில் விட்டுவிட்டார்.

"செழியா, நானே நம்பலப்பா. தலைப்ப மாத்தவே வேணாம். எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து போச்சு இதெல்லாம்? ஒருதடவ கண்ணால பாத்துக்கறேன்."

செழியன் பெருமையோடு அவரை வேதாவிடம் அழைத்துப்போனான். அவள் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"காலையிலேர்ந்தே லைன் டெட்டுங்க சார், இவரு அவ்ளோ பதட்டமா இருந்தாரு, சொல்ல மனசு வரல, அதான் ஃப்ளாப்பியில இருந்தத படிச்சுப் பாத்துட்டு வாசல்ல பூ விக்கிற கன்னியம்மா அக்கா காதுல போட்டுட்டேன்!"