வீரராகவன் பிறந்த ஆண்டைக் காத்த போர்

மேனாம்பேட்டு அடுக்ககத்தின் அணிவிளக்கே, மாதமிருமுறை கருஞ்சாயம் பூசிக் காலனையே குழப்பிய கார்முடிக் காவலனே, மாலைதோறும் ஷட்டில் களத்தில் ஐடி இளைஞரோடு தோள்சேர்ந்து பொருத தடந்தோளனே, வயது கேட்டோர்க்கெல்லாம் 'நாற்பத்தேழு' என்று சளைக்காமல் ஈந்த வள்ளலே, வீரராகவனே, வாழி நீ. உன் கதை முடியும்வரை நெட்வொர்க் நிலைக்கட்டும்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு ஹெல்மெட் களவுபோன அன்று, சங்கச் செயலாளன் இருதயராஜ் என்னும் சினவேங்கை வாட்ஸாப் குழுவில் முரசறைந்தான்: "குடியிருப்போர் அனைவரும் இன்று மாலைக்குள் ஆதார் நகலை இக்குழுவில் பதிவிடுக."

வீரராகவன் நெஞ்சில் இடி இறங்கியது. எண்ணா, முகவரியா, கேட்டால் ஊருக்கே தாரை வார்ப்பான். ஆனால் அவ்வட்டையில் 1964 என்றொரு பிறந்த ஆண்டு பதுங்கியிருந்தது. அது வெளிப்பட்ட கணமே, 'மச்சான்' என்றழைத்த வாய்கள் 'பெர்சு' என்றழைக்கும். மட்டை சுழற்றிய கை ஸ்கோர் எழுதும்.

ஆகவே அறத்தின் தேரேறி முழங்கினான்: "அந்தரங்கம் என் அடிப்படை உரிமை. உச்ச நீதிமன்றமே உரைத்தது. என் அட்டையை எவர் கண்ணுக்கும் விருந்தாக்கேன்."

"இன்னா மச்சான், ஹெல்மெட்ட நீதான் தூக்கினியா?" என்று அம்பெய்தான் கிரண், அவ்வூரிலேயே பிறந்தவன், களத்தில் நம் வீரனுக்கு இணையாக ஆடுபவன்.

பழிக்கு அஞ்சிய வீரன், பாயுமுன் பதுங்கும் புலியெனப் பதுங்கி, ஒரு வியூகம் வகுத்தான். அரசின் தளத்திலிருந்து இறக்கிய ஆதார்க் கோப்பைப் பூட்டோடு அனுப்பினான். பாஸ்வேர்டை மட்டும் அனுப்பவில்லை. அகழியும் முதலையும் சூழ்ந்த அரண்போல் அக்கோப்பு குழுவின் நடுவே நின்றது.

"தெறக்க மாட்டேங்குது சார்" என்று தளர்ந்தான் இருதயராஜ். வீரராகவன் மீசையை நீவி, வெற்றிக் காப்பி கேட்டு அடுக்களை நோக்கிக் குரல் கொடுத்தான்.

அப்போதுதான் கிரண் எழுதினான்: "அல்லாத்துக்கும் ஒரே ஃபார்முலாதான் சார். பேர்ல மொத நாலு எழுத்து, அப்பால பொறந்த வருசம். மச்சானுக்கு நாப்பத்தேழுதானே, நானே போட்டுப் பாக்கறேன்."

அந்தோ, காவலுக்கு வைத்த பூட்டின் சாவியே அவன் மறைத்த ஆண்டு. 'எல்லோருக்கும் அழி' என்னும் பிரம்மாஸ்திரத்தை ஏவினான். கோப்போ கிரணின் கைபேசியில் முன்னரே குடிபுகுந்திருந்தது.

முற்றுகை தொடங்கிற்று. "79 இல்ல." "78 இல்ல." மதங்கொண்ட யானை வாயில் வாயிலாக முட்டிப் பெயர்த்து உள்நுழைவதுபோல், ஆண்டு ஆண்டாகக் கீழிறங்கி வந்தது படை. பால்கனிகள்தோறும் கைபேசிகள் ஒளிர்ந்தன. "70 கூட இல்லியா மாமே?" என்றான் கிரண். அக்கேள்வியில் ஏளனம் இருந்திருந்தால் மார்பில் ஏந்தியிருப்பான் வீரன், இருந்தது இரக்கம். "66 இல்ல." "65 இல்ல."

அதன்பின் குழுவில் ஒரு சொல்லும் எழவில்லை. கொற்றவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். காப்பி ஆறியது.

மறுநாள் சாயங்காலம் ஷட்டில் கோர்ட் ஓரத்தில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.