ஒற்றை லைனுக்கு எழுபத்தைந்து டாலர்

"ஒரு ஆளுக்கு மாசம் எழுபத்தஞ்சு டாலர் மேடம்."

"நாலு பேருக்கு?"

"நூத்தி இருபது."

மார்லிஸ் ஹால்வர்சன் கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். சண்டைக்குத் தயாராகிவிட்டாள் என்று அர்த்தம்.

"தம்பி, எனக்குக் கணக்கு வராதுன்னு நெனச்சியா? நாலு பேருன்னா ஆளுக்கு முப்பது. நான் ஒருத்தின்னா எழுபத்தஞ்சு. நடுவுல அந்த நாப்பத்தஞ்சு எதுக்கு?"

பைன்டெல் செல்போன் கடைக்காரன் புன்னகையை நிறுத்தவில்லை. "அது குடும்பச் சலுகை மேடம்."

"அப்ப எனக்குப் போடறது என்ன? புருஷன் இல்லாத வரியா?"

"வேணும்னா கூட ஒரு மூணு பேரைக் கூட்டிக்கிட்டு வாங்களேன்."

அமெரிக்காவின் வடக்கே இருக்கும் துலூத் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. "அது கொஞ்சம் வித்தியாசமா இருக்கே" என்று சொன்னால், "நீ திருடன்" என்று சொன்னதாகக் கணக்கு. மார்லிஸ் அதைச் சொன்னாள். கதவை அறைந்து சாத்தியும் பார்த்தாள். அது தானாக மெல்ல மூடிக்கொள்ளும் கதவு. கோபத்துக்கு அதுவும் ஒத்துழைக்கவில்லை.

எல்லாம் அவளுடைய பழைய புருஷன் டுவேனால் வந்த வினை. ஆறு வருடத்துக்கு முன்னால் விவாகரத்து ஆனபோது வீடு அவளுக்கு, படகு அவனுக்கு, பூனை அவளுக்கு, பனி தள்ளும் இயந்திரம் அவனுக்கு என்று வக்கீல் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். செல்போன் பிளானை மட்டும் பிரிக்கவில்லை. அதை யாருமே பிரிப்பதில்லை. கல்யாணம் முறிந்தால் தாங்கிக்கொள்ளலாம், குடும்ப பிளான் முறிந்தால் கட்டுப்படியாகாது. ஹெரான் கம்பெனியில் டுவேன், அவன் அம்மா ஆர்லீன், அவன் தம்பி ராஜர், மார்லிஸ் என்று நாலு லைன். மாதம் பிறந்ததும் தன் பங்கு முப்பது டாலரை டுவேனுக்கு அனுப்பிவிடுவாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால், கடன் கட்டாத டுவேனின் டிரக்கை வங்கிக்காரன் இழுத்துக்கொண்டு போன சமயத்தில், ஊர் மாலில் வைத்து எடுத்த பிளான் அது. அவன் காட்டிய இடத்தில் இவளும் ஒரு கையெழுத்துப் போட்டாள். இன்னொரு கையில் பிரெட்ஸெல் ரொட்டி இருந்ததால் எதையும் படித்துப் பார்க்கவில்லை.

இப்போது டுவேனுக்கு ரோண்டா கிடைத்துவிட்டாள். ஜூனில் கல்யாணம். "பழைய பொண்டாட்டி இன்னும் எதுக்கு நம்ம குடும்பத்துல?" என்று ரோண்டா கேட்டாளாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் டுவேன் அனுப்பிய செய்திதான் மார்லிஸின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. "வெள்ளிக்கிழமைக்குள்ள நீயாவே பிளான்லேர்ந்து விலகிக்கோ. அதான் ரெண்டு பேருக்கும் மரியாதை."

மாதம் எழுபத்தைந்து டாலர் கொடுக்க வக்கில்லாதவள் இல்லை அவள். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இருபது வருடமாக உட்கார்ந்து நாலு காசு சேர்த்திருக்கிறாள். விஷயம் காசில் இல்லை. தனியாக இருப்பதற்கு அபராதம் கட்ட மாட்டேன், "இன்னும் கொஞ்ச நாள் உன் பிளான்லயே இருந்துக்கறேன்" என்று அந்த மனுஷனிடம் பல்லைக் காட்டவும் மாட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தாக வேண்டும்.

அந்த வழி ஸ்ட்ராட்டா கம்பெனி விளம்பரத்தில் தெரிந்தது. ஒற்றை லைன், முப்பதே டாலர்.

"முப்பதுதானே? அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாறவே மாட்டோம். வீட்டு இன்டர்நெட்டும் எங்ககிட்டயே இருந்தா முப்பதுதான்."

"இல்லாட்டி?"

"எழுபத்தாறு."

மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டு இன்டர்நெட்டையும் மாற்றினாள். பழைய இன்டர்நெட் கம்பெனிக்காரன் போகிறவளை வழியனுப்பும் அவசரத்தில் அன்றைக்கே இணைப்பைத் துண்டித்துவிட்டான். புதிய கம்பெனிக்காரன், பனி விழுவதால் ஆள் வர அடுத்த வாரம் ஆகும் என்றான். சரி, போன் லைனையாவது கொடு என்றால், அவள் கைபேசி பழசு, அதில் தங்கள் லைன் ஓடாது, புதுசு வாங்க வேண்டும், மாதத் தவணை இருபத்தைந்து என்றான்.

"முப்பதும் இருபத்தஞ்சும் அம்பத்தஞ்சு!"

"இன்டர்நெட்டுக்கு அறுபது தனி மேடம்."

அதுவும் வித்தியாசமாகத்தான் இருந்தது. லைனே வேண்டாம் என்று வந்துவிட்டாள்.

இன்டர்நெட் இல்லாத வீட்டில் மார்லிஸ் தனக்குப் பிடித்த கேக் செய்யும் போட்டியைக் கைபேசியிலேயே பார்க்க ஆரம்பித்தாள். கோபத்தில் பார்த்ததால் ஒன்றோடு நிறுத்த முடியவில்லை. குடும்ப பிளானில் நாலு பேருக்கும் பொதுவாக இருந்த டேட்டா முழுவதையும் வெண்ணெய்க் கிரீமும் சாக்லேட்டுமாக விழுங்கிவிட்டாள். மறுநாள் டுவேன் கூப்பிட்டான்.

"என்ன பண்ணித் தொலைச்ச மார்லிஸ்? எங்கம்மா போன்ல சர்ச் பிரசங்கம் ஓடல. பாதிரியார் தொறந்த வாயோட அப்படியே நிக்கிறாரு!"

"உங்கம்மாவை நேர்ல போய்க் கேக்கச் சொல்லு."

"இந்தக் குளிர்லயா? நீ முதல்ல மாறினியா இல்லியா?"

"மாறத்தான் அலையறேன். உனக்கு அவ்வளவு அவசரம்னா நீயே என்னைத் தூக்கி எறிய வேண்டியதுதானே? யார் கையைப் பிடிச்சா?"

மறுமுனையில் டுவேனின் குரல் இறங்கிவிட்டது.

"அது... மரியாதையா இருக்காது."

மார்லிஸுக்கு ஒரு நிமிடம் மனசு இளகிவிட்டது. கழுத்தைப் பிடித்துத் தள்ளாமல் நீயாகப் போ என்கிறானே, அந்த மட்டும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்யும் யொலாண்டாவிடம் புலம்பினாள். யொலாண்டா எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பவள்.

"குடும்பம் இருந்தாத்தான் சலுகைன்னா ஒரு குடும்பத்தை உண்டாக்கிட்டாப் போச்சு. நீ, நான், டாக்டர். எங்க அண்ணனையும் சேத்தா நாலு."

"நம்ம யாருமே யாருக்கும் சொந்தம் இல்லையேடி!"

"அவனுங்க என்ன ரத்தமா எடுத்துப் பாக்கப் போறானுங்க?"

டாக்டர் லிண்ட்க்விஸ்டும் தனி லைனுக்கு எழுபத்தைந்து அழுகிறவர்தான். அவர் மனைவிக்கு அவளுடைய அலுவலகத்திலேயே போன் கொடுத்திருந்தார்கள். உடனே சம்மதித்தார். நாலு பேருக்கும் ஒரே விலாசம் வேண்டும் என்று பைன்டெல்லில் சொன்னதால் தன் வீட்டு விலாசத்தையே கொடுத்தார். பல்லைப் பார்த்தே காலத்தைக் கழித்தவருக்கு உலகம் எங்கே தெரிகிறது.

பைன்டெல் கம்பெனி லைனைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாழ்த்து அட்டையை அனுப்பியது. அது டாக்டர் வீட்டுக்குப் போனது. திருமதி லிண்ட்க்விஸ்ட் பிரித்துப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். எடுத்தது மார்லிஸ்தான்.

"மார்லிஸ், 'லிண்ட்க்விஸ்ட் குடும்பத்தை அன்புடன் வரவேற்கிறோம்'னு ஒரு அட்டை வந்திருக்கு. குடும்பத்துல நீ இருக்க. யொலாண்டா இருக்கா. ஆக்டேவியோன்னு ஒரு ஆம்பளை இருக்கான். நான்தான் இல்ல. இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கே?"

டாக்டர் அன்று மதியமே அந்தக் குடும்பத்தைக் கலைத்தார். கலைத்ததற்கு ஆளுக்கு முப்பத்தைந்து டாலர் கட்டணம் பிடித்தார்கள். இந்த ஊரில் விவாகரத்துக்கூட மலிவு என்று மார்லிஸ் கத்தினாள். காத்திருந்த நோயாளிகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது.

"இன்னும் ஒரு வழி இருக்கு," என்றாள் யொலாண்டா.

"நீ சொன்ன வழியெல்லாம் போதும் தாயே."

"இதைக் கேளு. பழைய ஹெரான் கம்பெனிக்கே போன் போடு. போறேன்னு சொல்லு. போறவங்களை இழுத்துப் பிடிச்சு வைக்கறதுக்குன்னே அங்க ஒரு பிரிவு இருக்கு. அழுவாங்க, கெஞ்சுவாங்க, கடைசியில பாதி விலைக்குத் தனி லைன் கொடுப்பாங்க. எங்க மாமா வருஷா வருஷம் இப்படித்தான் மிரட்டி வாங்குறாரு."

"நெஜமாவே போன்னு சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டாங்க. நீ மட்டும் நடுவுல இறங்கி வந்துறாத. கடைசி வரைக்கும் கறாரா நில்லு."

கறாராக நிற்பதில் மார்லிஸுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. சாப்பாட்டு வேளையில் சீஸ் தூவிச் சுட்ட உருளைக்கிழங்கு ஹாட்டிஷை ஓரமாக வைத்துவிட்டுப் போனைப் போட்டாள். பேர் கேட்டார்கள், சொன்னாள். அடையாள எண்ணின் கடைசி நாலு இலக்கம் கேட்டார்கள், அதையும் சொன்னாள்.

"நன்றி மேடம். உங்களுக்கு என்ன பண்ணணும்?"

"முடிச்சுக்கணும். உங்க கம்பெனியே வேண்டாம். தனியா இருக்கறவங்களை நீங்க எல்லாரும் சேந்து கொள்ளையடிக்கறீங்க."

"கேக்க வருத்தமா இருக்கு மேடம். எல்லாத்தையும் முடிச்சுரவா?"

மார்லிஸ் யொலாண்டாவைப் பார்த்தாள். யொலாண்டா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"எல்லாத்தையும்! வேரோட!"

"நல்லா யோசிச்சுட்டீங்களா மேடம்?"

"பதினஞ்சு வருஷமா யோசிச்சுட்டேன்!"

"சரிங்க மேடம். இத்தனை வருஷம் எங்களோட இருந்ததுக்கு நன்றி."

கெஞ்சல் வரப்போகிறது என்று மார்லிஸ் காத்திருந்தாள். வரவில்லை. கைபேசியின் மூலையில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசிக் கோடும் போய், போன் செத்தது.

"உங்க மாமா நம்பர் என்ன?" என்றாள் மார்லிஸ். "நாலு வார்த்தை கேக்கணும்."

"எதுலேர்ந்து கேப்ப?" என்றாள் யொலாண்டா.

நம்பரும் போயிற்று, மானமும் போகப்போகிறது. மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு, பனியில் வழுக்கி வழுக்கி, மில்லர் சாலை ஹெரான் கடைக்குக் காரை ஓட்டினாள். எழுபத்தைந்தோ எண்பதோ, கேட்டதைக் கொடுத்து நம்பரை மீட்டுக்கொண்டு வந்துவிடுவது என்று வழியெல்லாம் அழுகை முட்டத் தீர்மானம் செய்தாள். தனியாக வாழ்கிறவளைப் பார்த்தால் கம்பெனிக்குக்கூட இளக்காரம். இனி கட்ட வேண்டியதுதான்.

கடைக்குள் ஏற்கனவே ஒரு ரகளை நடந்துகொண்டிருந்தது. மேஜையின் அந்தப் பக்கம் மாய் வாங் என்று பெயர் அட்டை குத்திய பெண் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் டுவேன், ரோண்டா, நாற்காலியில் கோட்டுக்குள் பாதி மறைந்தபடி ஆர்லீன்.

"திடீர்னு எல்லாப் போனும் செத்துப்போச்சுன்னா என்ன அர்த்தம்?" டுவேன் மேஜையைத் தட்டினான். "என் தம்பி ஊருக்கு வெளியில வேலையில நிக்கிறான். அவனைப் பிடிக்க முடியல!"

"பிரசங்கம் பாதியிலேயே நிக்குது," என்றார் ஆர்லீன்.

"கல்யாண மண்டபத்துக்காரன் கூப்பிடுவான், இவர் போன் செத்துக் கெடக்கு!" என்றாள் ரோண்டா. பிறகு மார்லிஸைப் பார்த்தாள். "இவ எதுக்கு இங்க?"

மார்லிஸ் நிமிர்ந்து நின்றாள். தோற்றுப்போய் வந்திருந்தாலும் ரோண்டாவுக்கு முன்னால் தோற்றதாகக் காட்டிக்கொள்ள முடியுமா?

"நீங்க கேட்டபடியே விலகிட்டேன். வெள்ளிக்கிழமைதானே கெடு? இப்பதான் போன் பண்ணி முடிக்கச் சொன்னேன். தனி லைன் வாங்க வந்திருக்கேன்."

டுவேனின் முகம் ஹாட்டிஷ் மேலே தூவுகிற சீஸ் மாதிரி வெளுத்தது.

"எப்படிச் சொன்ன? சரியா என்ன சொன்ன?"

"எல்லாத்தையும் முடின்னேன். வேரோடன்னேன்."

"எல்லாத்தையுமா!"

"ஏன், என் லைனை நான் முடிச்சா உனக்கு எங்க வலிக்குது?"

"மார்லிஸ், கொஞ்சம் வெளியில வா, பேசிக்கலாம்," என்றான் டுவேன். இந்தக் குரலில் அவன் கடைசியாகப் பேசியது டிரக் பறிபோன வருடத்தில்.

"எதுக்கு வெளியில? அங்க பனி. இங்கயே சொல்லு."

"மேடம், உங்க லைசென்ஸைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்றாள் மாய்.

மார்லிஸ் ஓட்டுநர் உரிமத்தை நீட்டினாள். மாய் அதைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், டுவேனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மூணு தடவை சொன்னேனே சார். நீங்க பில் கட்டலாம், ஆனா ஒருத்தரை எடுக்கறதோ சேக்கறதோ உங்க கையில இல்லைன்னு."

"மூணு தடவை வந்தியா?" என்றாள் ரோண்டா.

"இவ தானாப் போயிட்டா பிரச்சினை இல்லாம முடிஞ்சிரும்னு..." என்று டுவேன் தரையிடம் சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் புரியல," என்றாள் மார்லிஸ். "நான் இவர் பிளான்ல ஒட்டிக்கிட்டு இருந்தவ. தனி லைன் என்ன விலைன்னு மட்டும் சொல்லும்மா, கட்டிட்டுப் போறேன்."

மாய் வாங் திரையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அன்னிக்கு கடன் கட்டாதவர்னு இவர் பேருக்குத் தர மாட்டேன்னுட்டாங்க, அதனால பதினஞ்சு வருஷமா இந்தக் குடும்பமே உங்க பேர்லதான் மேடம் இருக்கு. இவரு, இவரோட அம்மா, தம்பி, புதுசா சேர மனு போட்டிருக்கற ரோண்டா... இதுல யாரைச் சேத்துக்கலாம், யாரு வேணாம், சொல்லுங்க!"