வசவு மாமாவும் தீவுக் கல்சுவரும்

அன்று காலை தீவில் இருந்தவர்கள்: வசவு மாமா, நான், காட்டேஜ் மேனேஜர், ஜேசிபி ஓட்டும் பண்ருட்டித் தம்பி, கல்சுவருக்கு வெளியே ஒரு தாய் ஆமை. இதில் வாயைத் திறக்காதது ஆமை மட்டும்தான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே மாமாவிடம் திட்டு வாங்காத பொருள் கிடையாது. காற்றைத் திட்டுவார், படகு என்ஜினைத் திட்டுவார், ஆறிப்போன டீயை அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டுவார். ஆளை மட்டும் திட்ட மாட்டார் என்பதால் எங்கள் ஊர் கிள்ளையில் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை.

நானும் அவரும் கூட்டாகப் படகு வைத்து தீவிலிருந்த சுற்றுலாக் காட்டேஜுக்குத் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டிருந்தோம். கடல் உள்ளே வந்துவிடும் என்று தீவின் கடல்பக்கம் நெடுகக் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். வருஷாவருஷம் ஆமைகள் ஏறிவந்து முட்டையிட்ட மணல் அது. அதிலும் பாதிக்குமேல் சிமெண்ட் கல் பதித்து, பிளாஸ்டிக் புல் விரித்தாகிவிட்டது. காட்டேஜ் போர்டில் மட்டும் ஓர் ஆமை சிரிக்கிறது. வரையச் சொன்னவன் வாயில் மண் விழ.

இருட்டிலேயே வந்து போய்விடுகிற ஆமை, அன்று விடிந்தும் வழி தேடிக்கொண்டிருந்தது. சுவரில் முட்டும்; கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி முட்டும். தூக்கி உள்ளே விடலாம் என்றால், தொட்டால் கேஸ் ஆகிவிடுமோ என்று பயம்.

மேனேஜர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்த பேஸ் கட்டட வேலைல ஆமைக்குத் தனியா வழி வுடுறோம்" என்றார்.

"அவ வயித்துல இருக்கறத அடுத்த பேஸ் வரைக்கும் அடக்கி வச்சிருப்பாளா? பொறந்த எடத்துக்குப் புள்ள பெக்க வந்திருக்கா. வாசல்ல கல்லக் கொட்டி வச்சிருக்கீங்க" என்றார் மாமா. ஆளைப் பார்த்து அவர் திட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு வழக்கம்போல் சுவரின் பக்கம் திரும்பினார். "மரம் மாதிரி நிக்கிற, வெக்கமா இல்ல? வழிய வுடுடா."

சுவரை ஒட்டி நின்றிருந்த பண்ருட்டித் தம்பி வேலைக்கு வந்து ரெண்டு நாள்கூட ஆகவில்லை. மாமாவின் பழக்கம் அவனுக்கு எப்படித் தெரியும்? திட்டு தனக்குத்தான் என்று நினைத்துவிட்டான். "தோ எடுத்துடறேன் மாமா" என்று தாவி ஏறி, வண்டியைக் கிளப்பிக் கல்லைப் புரட்ட ஆரம்பித்தான். மேனேஜர் கையை ஆட்டிக்கொண்டே ஓடினார். வண்டி இரைச்சலில் அவர் கத்தியது எதுவும் கேட்கவில்லை. மாமா குதித்தார். நான்கூடக் கை தட்டினேன்.

ஆமை தாராளமாக நுழைகிற அளவுக்கு வழி திறந்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் மிரண்டு, ஆமை கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அலையில் அதன் முதுகு ஒரு தரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

இனிமேல் தண்ணீர் கேன் வேண்டாம் என்றார் மேனேஜர். நாங்கள் படகில் ஏறும்போதே வழியைத் திரும்ப அடைக்கிற சத்தம் கேட்டது.

பாதிக் காயலில் என்ஜின் இருமி நின்றது. மாமா ஒன்றும் சொல்லாமல் கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"மாமா, எதையாவது திட்டுங்க" என்றேன். "என்னையாவது திட்டுங்க."